அத்தியாயம் 5: ஆய்வகத்திலிருந்து நிறுவனம் வரை – எதை முதலில், எதைப் பிறகு?

இந்த அத்தியாயம் மூன்று பேருக்கு உதவும். ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருக்கும் பிஎச்.டி. ஆய்வாளர் ஒருவர். லேபில் உருப்படியான ஒன்றைச் செய்துவிட்டு, ‘இதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன?’ என்று யோசிக்கும் பேராசிரியர் இன்னொருவர். புராஜெக்டுக்காகச் செய்த கருவியை அலமாரியில் வைத்துப் பூட்ட மனமில்லாத மாணவர் மூன்றாமவர்.

வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்த ஒரே விதிதான்: பின்னால் சரிசெய்ய முடியாததை முதலில் செய்யுங்கள், சரிசெய்ய முடிந்ததைப் பிறகு செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரையும் லோகோவையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஊரறியச் சொல்லிவிட்ட கண்டுபிடிப்பை மறுபடி ரகசியமாக்க முடியாது. படிக்காமல் கையெழுத்திட்டுக் கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்குவதும் எளிதல்ல. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் கம்பெனி பதிவு, அப்புறம் பத்திரிகைப் பேட்டி, கடைசியில் காப்புரிமை.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டை அத்தியாயம் முழுக்கக் கூடவே வைத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது ஐஎஸ் 10500 தர அளவு. அந்த ஃபுளூரைடை உறிஞ்சி எடுக்கும் தூள் ஒன்றை நீங்கள் லேபில் செய்திருக்கிறீர்கள். இனி என்ன?

## தொடங்கும் முன்: நிறுவனமா, லைசென்ஸா?

எல்லாக் கண்டுபிடிப்புக்கும் தனி நிறுவனம் தேவையில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுத்து ராயல்டி வாங்குவதும் மரியாதையான வழிதான்.

ஒரே ஆய்வுக் குழு இரண்டு வழியிலும் போனதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சென்னை ஐஐடி பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, நீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தை நானோ துகள்களால் நீக்கும் முறையைக் கண்டுபிடித்தது. வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பான் விற்கும் வலையமைப்பை ஏற்கெனவே வைத்திருந்த யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் வழியாக அது சந்தைக்குப் போனது. அதே குழுவின் ஆர்சனிக் நீக்கும் தொழில்நுட்பமான ‘அம்ரித்’தை, இன்னோநானோ ரிசர்ச் என்ற ஸ்டார்ட்அப் எடுத்துச் சென்றது.

உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்க்க மூன்று கேள்விகள்:

1. உங்களிடம் இருப்பது முழுப் பொருளா, பாகமா? இன்னொருவர் விற்கும் கருவிக்குள் உங்கள் தூளைப் போட்டால் போதுமென்றால், லைசென்ஸ் வழியை முதலில் யோசியுங்கள்.
2. முழுநேரம் இறங்க ஒருவராவது உண்டா? பேராசிரியருக்கு வகுப்பு, ஆய்வாளருக்கு வேலை தேடும் கவலை, மாணவருக்கு வளாக நேர்காணல் என்றிருந்தால் அந்த நிறுவனத்தை நடத்த ஆளில்லை என்று பொருள்.
3. எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும்? சென்னை ஐஐடியில் வளர்ந்த ஏதர் எனர்ஜி 2013இல் தொடங்கி, முதல் ஸ்கூட்டரை 2018இல்தான் வாடிக்கையாளரிடம் கொடுத்தது. 2017இல் தொடங்கிய அக்னிகுல் காஸ்மோஸின் முதல் ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. ஆழமான தொழில்நுட்பத்தில் ஐந்து முதல் ஏழு ஆண்டு என்பது வழக்கமான கணக்கு.

மூன்றுக்கும் விடை சாதகமாக இருந்தால் மேலே படியுங்கள். லைசென்ஸ்தான் பொருத்தம் என்றாலும் முதல் ஐந்து படிகள் உங்களுக்கும் வேண்டும்.

## படி 1: வெளியே சொல்வதை நிறுத்துங்கள்

காப்புரிமைக்கு அடிப்படை புதுமை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் விஷயம் பொதுவெளிக்கு வந்துவிட்டால், வெளியிட்டவர் நீங்களே என்றாலும் புதுமை போய்விடும். ‘வெளியீடு’ என்றவுடன் ஆய்விதழ்தான் நினைவுக்கு வரும். இவையும் வெளியீடுதான்:

- கருத்தரங்கில் ஒட்டிய போஸ்டர், அதன் சுருக்கம்
- யார் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய வைவா
- ஷோத்கங்காவில் ஏற்றப்பட்ட ஆய்வேடு, நூலகத்தில் வைக்கப்பட்ட பிரதி
- இணையத்தில் போட்ட முன்வரைவுக் கட்டுரை
- கல்லூரிக் கண்காட்சி, யூடியூப் காணொளி, நாளிதழ்ப் பேட்டி
- ரகசியக் காப்பு ஒப்பந்தம் இல்லாமல் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிய விளக்கப் படங்கள்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 31இல் 12 மாதச் சலுகை உண்டு. அரசு அறிவிக்கும் கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் கண்டுபிடிப்பாளரே வாசிக்கும் கட்டுரை போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஐரோப்பாவில் பொதுவான சலுகைக் காலமே கிடையாது. ஆகவே சலுகையை நம்பித் திட்டமிடாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. லேப் நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள். பக்க எண் இருக்கட்டும். உடன் பணியாற்றுபவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். தோற்ற சோதனைகளையும் எழுதுங்கள்.
2. முந்தைய காப்புரிமைகளைத் தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். பொருளின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். ‘ஃபுளூரைடு நீக்கி’ என்பதோடு, அதன் வேதிப்பொருள், செய்யும் முறை, பயன்படும் இடம் ஆகியவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.
3. பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவான ஐபிஆர் செல்லில் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தைக் கொடுங்கள்.

> குறிப்பு: கட்டுரையைத் தள்ளிப்போடச் சொன்னால் கைடு கோபப்படுவாரோ என்ற தயக்கம் பல ஆய்வாளர்களுக்கு உண்டு. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “சார், பேப்பரை நிறுத்த வேண்டாம். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு புரொவிஷனல் மட்டும் ஃபைல் பண்ணிடலாமா? தேதி கிடைச்ச மறுநாளே பேப்பரை அனுப்பிடலாம்.” காப்புரிமைக்கும் கட்டுரைக்கும் பகையில்லை. எது முந்துகிறது என்பதுதான் முக்கியம்.

## படி 2: உரிமை யாருடையது என்று பாருங்கள்

நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பதுபோல், கண்டுபிடிப்புக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும். ‘நான்தானே கண்டுபிடித்தேன்’ என்பது உங்களைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கும், உரிமையாளர் ஆக்காது. சம்பளம், உதவித்தொகை, கருவி, இடம் கொடுத்தவர்களுக்கும் உரிமை இருக்கலாம். கீழே உள்ள தாள்களை ஒரே கோப்பில் சேருங்கள்:

1. பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கை. பெரும்பாலும் காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும்; வருமானத்தில் கண்டுபிடிப்பாளருக்குப் பங்கு வரும்.
2. நிதி ஒப்புதல் ஆணை. மத்திய அரசுத் துறையோ தனியார் நிறுவனமோ பணம் கொடுத்திருந்தால், அந்த ஆணையின் நிபந்தனைப் பக்கத்தைக் கடைசிவரி வரை படியுங்கள். ‘முதலில் எங்களிடம் கேட்க வேண்டும்’ என்ற வரி அங்கேதான் ஒளிந்திருக்கும்.
3. கூட்டு ஆய்வு ஒப்பந்தங்கள். வேறொரு பல்கலைக்கழகத்தில் மூன்று மாதம் தங்கிச் செய்த சோதனையும் கணக்கில் வரும்.
4. பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். மற்றொரு லேபிலிருந்து வாங்கிய செல், விதை, நுண்ணுயிர், வேதிப்பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடை இருக்கலாம்.
5. மென்பொருள் உரிமங்கள். திறமூலக் குறியீடு கலந்திருந்தால் எந்த உரிமம் என்று பட்டியலிடுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் மண்ணுக்கே உரியது. உங்கள் தூளில் தேற்றான்கொட்டை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலங்கிய நீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் நெடுங்காலமாக உரசிவந்த கொட்டை அது. அப்போது இரண்டு சட்டங்கள் குறுக்கே வரும். மரபறிவையே கண்டுபிடிப்பாகக் கோர முடியாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(p). இந்திய உயிரியல் வளத்தைப் பயன்படுத்திய கண்டுபிடிப்பு என்றால், காப்புரிமை வழங்கப்படும் முன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையை முடிக்க வேண்டியிருக்கும். ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சித்த மருத்துவம் சார்ந்த ஆய்வு செய்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

> எச்சரிக்கை: துறைத் தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்க்காதீர்கள். உழைத்த ஆய்வாளர் வெளியேறிவிட்டார் என்பதற்காக அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். யோசனைக்குப் பங்களித்தவர் யார் என்பதே அளவுகோல். தவறான பட்டியல் பின்னாளில் வழக்காகும்.

## படி 3: விண்ணப்பத்தைப் போட்டு, நாட்காட்டியை மாட்டுங்கள்

கிண்டியில் காப்புரிமை அலுவலகத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு அடிப்படை விண்ணப்பக் கட்டணம் ₹1,600. ஆய்வுக் கோரிக்கைக்கு ₹4,000. காப்புரிமை முகவரின் கட்டணம் தனி.

முழு விவரம் தயாராக இல்லையென்றால் தற்காலிக (புரொவிஷனல்) விவரக்குறிப்போடு போடுங்கள். அந்தத் தேதிதான் உங்கள் முன்னுரிமைத் தேதி. அதிலிருந்து இந்த எண்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:

- 12ஆம் மாதத்துக்குள்: முழு விவரக்குறிப்பு. வெளிநாடுகளில் வேண்டுமென்றால் பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்த) சர்வதேச விண்ணப்பமும் இதற்குள்.
- 18ஆம் மாதம்: விண்ணப்பம் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும் கட்டம். அதன்பின் உலகம் படிக்கலாம்.
- 30 முதல் 31ஆம் மாதம்: பிசிடி வழியில் ஒவ்வொரு நாட்டிலும் நுழைய வேண்டிய கெடு. பணம் பெரிதாகச் செலவாகும் இடம் இது.
- 31ஆம் மாதத்துக்குள்: இந்தியாவில் ஆய்வுக் கோரிக்கை (படிவம் 18). முன்பு 48 மாதமாக இருந்தது. 2024 மார்ச்சில் வந்த விதித்திருத்தத்தில் குறைத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்துக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு.

அடிக்கடி நடக்கும் தவறுகள்:

- தற்காலிக விவரக்குறிப்பை இரண்டு பக்கத்தில் முடிப்பது. அதில் எழுதாததற்கு அந்தத் தேதி கிடைக்காது. லேப் நோட்டில் உள்ள அளவு, வெப்பநிலை, மாற்று வழிகள் அனைத்தையும் கொட்டிவிடுங்கள்.
- நேரடியாக வெளிநாட்டில் விண்ணப்பிப்பது. இந்தியாவில் வசிப்பவர் முதலில் இங்கே போட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அல்லது பிரிவு 39இன்படி முன்அனுமதி வாங்க வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.
- பிரிவு 3ஐப் படிக்காமல் எழுதுவது. வெறும் அல்காரிதம், சிகிச்சை முறை, வேளாண் முறை, தெரிந்த பொருள்களின் வெறும் கலவை ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை.

> குறிப்பு: அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப், பெண் விண்ணப்பதாரர் ஆகியோர் படிவம் 18ஏ மூலம் விரைவு ஆய்வு கேட்கலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்திடமும் வழிகாட்டல் கேளுங்கள்.

## படி 4: விற்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்

விண்ணப்பம் போட்டாயிற்று, இனி வாய் திறக்கலாம். லேபில் ‘வேலை செய்கிறது’ என்று நிரூபித்துவிட்டீர்கள். யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பது வேறு கேள்வி.

ஏதர் நிறுவனர்கள் முதலில் செய்ய நினைத்தது மின்வண்டிக்கான பேட்டரி மட்டுமே. அன்று ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையும் ஓட்டுபவர்களையும் பார்த்த பிறகுதான், குறை பேட்டரியோடு நிற்கவில்லை, வண்டியே சரியில்லை என்று புரிந்தது. பேட்டரித் திட்டம் ஸ்கூட்டர் திட்டமானது.

நம் ஃபுளூரைடு தூளை எடுத்துக்கொண்டு ஒரு ஊராட்சிக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உறிஞ்சும் திறனைப் பற்றிப் பேச நினைப்பீர்கள். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடும் ஆபரேட்டர் கேட்பது வேறு: “சார், இந்த மருந்தை எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தணும்? யார் வந்து மாத்துவா? கழிச்ச மருந்தை எங்க கொட்டுறது? கரண்ட் இல்லாத நேரத்துல என்ன ஆவும்?” நான்குக்கும் உங்கள் ஆய்வேட்டில் விடை இருக்காது. வாங்கும் முடிவை எடுக்கப்போவது இந்த நான்கும்தான்.

செய்யும் முறை:

1. மூன்று வகை ஆட்களைப் பட்டியலிடுங்கள்: பயன்படுத்துபவர், பணம் கொடுப்பவர், தடுக்கக்கூடியவர். நம் எடுத்துக்காட்டில் முதலாமவர் வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பெண்; இரண்டாமவர் ஊராட்சி அல்லது குடிநீர் வடிகால் வாரியம்; மூன்றாமவர் கோப்பில் கையெழுத்திடும் பொறியாளர்.
2. நேரில் போங்கள். கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள்.
3. ‘இது வந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் ‘மாட்டேன்’ என்று சொல்லமாட்டார்கள். ‘இப்போது என்ன செய்கிறீர்கள்? அதற்கு மாதம் எவ்வளவு செலவு? போன தடவை பழுதானபோது என்ன செய்தீர்கள்?’ என்று நடந்ததைக் கேளுங்கள்.
4. ஒரே பதில் திரும்பத் திரும்ப வரும்வரை தொடருங்கள். பதில்களை அன்றன்றே எழுதுங்கள்.
5. பட்டியலின் முதல் மூன்று குறைகளை வைத்து வடிவமைப்பைத் திருத்துங்கள்.

இதை முறையாகக் கற்கச் சென்னை ஐஐடியின் கோபாலகிருஷ்ணன்–தேஷ்பாண்டே மையம் பயிற்சி நடத்துகிறது. திருச்சியின் டிரெக்-ஸ்டெப், கோவையின் பிஎஸ்ஜி-ஸ்டெப் ஆகிய இன்குபேட்டர்களிலும் வழிகாட்டிகள் உண்டு.

## படி 5: பெரிதாக்குங்கள், பத்திரமாக

கிராம் கணக்கில் செய்ததைக் கிலோ கணக்கில் செய்யும்போதுதான் விபத்து நடக்கிறது. காரணம் எளிய கணிதம். கலனின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு 1,000 மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ 100 மடங்குதான் கூடும். பீக்கரில் கை பொறுக்கும் சூட்டோடு முடிந்த வினை, டிரம்மில் கொதித்துப் பொங்கும்.

பாதுகாப்புப் படிகள்:

1. ஒரே தாவலில் பெரிதாக்காதீர்கள். சிறு சிறு கட்டங்களாகப் போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள்.
2. கல்லூரி லேபில் இரவில் தனியாகப் பெரிய அளவில் செய்யாதீர்கள். லிதியம் பேட்டரியை ஆளில்லாமல் சார்ஜில் விடுவதும் கூடாது.
3. கழிவுக்கு முன்கூட்டியே வழி வையுங்கள். ஃபுளூரைடு உறிஞ்சிய தூள் சாதாரணக் குப்பையல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகளைக் கேட்டு, அதற்கேற்ப அகற்றுங்கள்.
4. மனிதர் குடிக்கும், தொடும், அணியும் எதையும் முதலில் வெளியாரைக் கொண்டு சோதியுங்கள். உங்கள் லேபின் அறிக்கை போதாது. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். நீரில் ஃபுளூரைடு குறைந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் தூளிலிருந்து வேறு ஏதாவது கசிந்து சேர்ந்ததா என்றும் பாருங்கள்.
5. நோயாளிகளிடம் சோதிக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். மருத்துவக் கருவியானால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி அது ஏ, பி, சி, டி என்ற நான்கு ஆபத்து வகுப்புகளில் எதில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் செலவும் காலமும் அந்த எழுத்தைப் பொறுத்தவை.

அக்னிகுல் தன் முதல் ஏவுதலை, கோளாறு தெரிந்தபோதெல்லாம் நிறுத்தி, பலமுறை ஒத்திவைத்த பிறகே நடத்தியது. நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக முன்னோட்டத்தை நடத்தாதீர்கள். விருந்தினர் வந்து உட்கார்ந்திருந்தாலும் நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும்.

## படி 6: பல்கலைக்கழகத்தோடு பேசி, எழுத்தில் வாங்குங்கள்

‘டீன் ஓகே சொல்லிட்டார்’ என்பது அனுமதியல்ல. டீன் மாறுவார், தாள்தான் நிற்கும். உங்களுக்கு இரண்டு தாள்கள் வேண்டும்.

முதல் தாள்: நிறுவனத்தில் பங்கேற்க அனுமதி. கல்வி அமைச்சகமும் ஏஐசிடிஇயும் 2019இல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, ஆசிரியரும் மாணவரும் நிறுவனம் தொடங்குவதை ஆதரிக்கிறது. அதற்காக விடுப்பு கொடுக்கவும் வழிசொல்கிறது. இது கல்வி நிறுவனங்களுக்கான வழிகாட்டுதல். உங்கள் பல்கலைக்கழகம் இதை எந்த வடிவில் ஏற்றிருக்கிறது என்று பாருங்கள். கைடு பங்குதாரராக இருந்தால் மூன்று கோடுகளைத் தாண்டக் கூடாது:

- பல்கலைக்கழக ஆய்வும் நிறுவன வேலையும் தனித்தனியாக இருக்க வேண்டும்.
- தன்னிடம் பிஎச்.டி. செய்பவரை நிறுவனத்தின் சம்பளமில்லா ஆளாக்கக் கூடாது.
- தன் நிறுவனத்திடம் பல்கலைக்கழகம் பொருள் வாங்கும் குழுவில் தானே உட்காரக் கூடாது.

இரண்டாம் தாள்: தொழில்நுட்ப லைசென்ஸ். பல்கலைக்கழகத்தின் வசதிகளும் அறிவுசார் சொத்தும் பயன்பட்டிருந்தால் அது 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம் என்று அதே கொள்கை சொல்கிறது. இதைவிட அதிகம் கேட்டால் கொள்கையைக் காட்டிப் பேசுங்கள். கையெழுத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை:

1. லைசென்ஸ் உங்களுக்கு மட்டுமா, பலருக்குமா?
2. எந்தப் பயன்பாடு, எந்த நாடுகள்?
3. ராயல்டி எதன் மீது – விற்பனையிலா, லாபத்திலா? முதல் விற்பனைக்கு முன்பே ஏதாவது கட்ட வேண்டுமா?
4. புதுப்பிப்புக் கட்டணம் யார் கட்டுவது?
5. நாளை நீங்கள் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம்?
6. நிறுவனம் மூடினால் உரிமை யாரிடம் திரும்பும்?

## படி 7: இப்போது நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள்

இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. நிறுவனம் பிறந்த நாளிலிருந்து சட்டக் கடமைகள் ஓடத் தொடங்கும். விற்பனை பூஜ்யம் என்றாலும் ஆண்டறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். ஆண்டுக் கணக்குப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு ₹100 கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டுவிட்டால் இயக்குநர் பதவிக்கே தகுதியிழப்பு. போட்டிக்காகவும் சான்றிதழுக்காகவும் பதிவு செய்து மறந்துபோன நிறுவனங்கள் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

1. முதலீடு தேடப் போகிறீர்கள் என்றால் பிரைவேட் லிமிடெட் பொருத்தம். குறைந்தது இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர் வேண்டும்.
2. நல்ல ஆடிட்டரைப் பிடியுங்கள். டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் விண்ணப்பியுங்கள்.
3. பதிவான 30 நாளுக்குள் முதல் ஆடிட்டர் நியமனம், 180 நாளுக்குள் தொழில் தொடக்க அறிவிப்பு.
4. ஸ்டார்ட்அப் இந்தியா தளத்தில் அங்கீகாரம் பெறுங்கள். விரைவுக் காப்புரிமை ஆய்வு உள்ளிட்ட சலுகைகளுக்கு இது சாவி.

நிறுவனர் ஒப்பந்தத்தைப் பதிவுக்கு முன்பே எழுதுங்கள். ‘நமக்குள்ள என்ன கணக்கு’ என்று தொடங்கிய கூட்டுகள்தான் பிறகு பேச்சுவார்த்தையே இல்லாமல் பிரிகின்றன. முழுநேரம் உழைப்பவரிடம் பெரும்பங்கு இருக்கட்டும். வளாகத்திலேயே தங்கும் கைடுக்குப் பாதிப் பங்கு கொடுத்தால், பின்னால் வரும் முதலீட்டாளர் யோசிப்பார். பங்கு ஒரேயடியாக அல்லாமல் படிப்படியாக உரிமையாகட்டும்: நான்கு ஆண்டில் முழுதும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை என்பது பரவலான ஏற்பாடு.

## படி 8: பணத்துக்கும் வரிசை உண்டு

பங்கு கேட்காத பணத்தை முதலில் தேடுங்கள்.

1. முன்மாதிரிக்கு: நிதி-பிரயாஸ் திட்டம் ₹10 லட்சம் வரை தருகிறது, உயிரித் தொழில்நுட்பத் துறையானால் பைராக் அமைப்பின் பிக் மானியம் ₹50 லட்சம் வரை. தமிழ்நாட்டின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் புத்தாக்க வவுச்சர் கொடுக்கிறது.
2. சந்தைக்கு முதல் அடி: ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பின் டான்சீட் நிதி. இது சிறு பங்கு எடுத்துக்கொள்ளும்.
3. அதன் பிறகே தனியார் முதலீட்டாளர். நீங்கள் வைத்திருக்கும் காப்புரிமை விண்ணப்ப எண், லைசென்ஸ், பயன்படுத்தியவரின் கடிதம், வெளி ஆய்வக அறிக்கை ஆகிய நான்கும் அப்போது மேசையில் இருக்க வேண்டும்.

திட்டங்களின் தொகையும் தகுதியும் மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரப்பூர்வத் தளத்தைப் பாருங்கள். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். பில் இல்லாத செலவு செய்யாதீர்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க முடியாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும்.

## இந்த மாதத்திலேயே முடிக்க வேண்டியவை

☐ அடுத்த ஆறு மாதத்தில் வரவிருக்கும் கட்டுரை, கருத்தரங்கு, வைவா தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்.
☐ அவற்றில் முதல் தேதிக்கு முன் விண்ணப்பம் போக வேண்டும் என்று கைடிடமும் ஐபிஆர் செல்லிடமும் சொல்லுங்கள்.
☐ நிதி ஒப்புதல் ஆணை, பல்கலைக்கழகக் கொள்கை இரண்டின் நகலையும் வாங்கிப் படியுங்கள்.
☐ கண்டுபிடிப்பாளர் பட்டியலை எல்லோரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடுங்கள்.
☐ மூன்று காப்புரிமைத் தளங்களிலும் தேடி, மிக நெருங்கிய ஐந்தைத் தேர்ந்து, அவற்றிலிருந்து உங்களுடையது எதில் வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.
☐ கேட்கப் போக வேண்டிய மூன்று வகை ஆட்களின் பட்டியலைத் தயாரியுங்கள்; விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை கிளம்பாதீர்கள்.

ஐந்தாவது பெட்டியில் வேறுபாட்டை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால், அங்கேயே நில்லுங்கள். லேபுக்குத் திரும்பி அந்த வேறுபாட்டை உண்டாக்கிவிட்டு வாருங்கள். பதிவுக் கட்டணம், முகவர் கட்டணம், உங்கள் இரண்டு ஆண்டு உழைப்பு எல்லாம் அந்த ஒரு வரியை நம்பித்தான் செலவாகப் போகின்றன.